வாய் மூடியது, கதையும் மூடிக்கொண்டது: ஏழு வயதுச் சிறுமி மனசுக்குள் படிக்கத் தொடங்கியது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

"அக்கா, இவ மனசுக்குள்ள படிக்கவே மாட்டேங்கறா. எப்பப் பாத்தாலும் முணுமுணுன்னு ஒரே சத்தம். மத்த பசங்கல்லாம் பேசாம படிக்குதாம். கிளாஸ்ல ரெண்டு தடவ சொல்லிட்டாங்க."

என் தங்கை மகளை அழைத்துவந்து என் முன் உட்கார வைத்துவிட்டுச் சொன்ன புகார் இது. நான் ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவள். சொந்தத்தில் எந்தக் குழந்தைக்குப் படிப்பில் சிக்கல் என்றாலும் என்னிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள். சிறுமிக்கு அப்போது 7 வயது 4 மாதம், இரண்டாம் வகுப்பு. அடுத்த 7 மாதம், வாரத்துக்கு மூன்று மாலை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் போல அவளோடு உட்கார்ந்தேன். நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். சில நாட்கள் அவள் படிப்பதை போனில் பதிவும் செய்தேன். அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதுவதுதான் இது. பார்க்கப்பட்டது ஒரே ஒரு குழந்தை, பார்த்தவள் அவளுடைய பெரியம்மா. அந்த அளவுக்கு மட்டும் இதை நம்பினால் போதும். பெயரை எழுதவில்லை. பெரியவளான பிறகு இதைப் படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வரக்கூடியவள் அவள்.

வந்தபோது எப்படி இருந்தாள்

முதல் வாரம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்தேன், கேட்டேன், அவ்வளவுதான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் நன்றாகவே படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள். தெரிந்த சொல்லை ஒரே மூச்சில் சொல்வாள். நீளச் சொல் வந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்குவாள். முற்றுப்புள்ளிக்கு நிற்பாள், காற்புள்ளியைக் கண்டுகொள்ள மாட்டாள். கதை முடிந்ததும் "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் சொல்லவும் தெரிந்தது.

தனியாகப் படிக்க விட்டால்தான் அந்தச் சத்தம். காது கொடுத்துக் கேட்டபோது அது ஒரே மாதிரியான சத்தம் இல்லை என்று தெரிந்தது. பக்கத்தின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட முழுக் குரல். மூன்றாவது வரிக்குள் கிசுகிசுப்பாகிவிடும். பழகிய சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அதுவும் தேய்ந்து உதடு மட்டும் அசையும். சில சொற்களுக்கு முதல் எழுத்துக்கு மட்டும் உதடு குவியும், மீதியை விட்டுவிடும். அப்புறம் திடீரென்று ஒரு சொல் முழுச் சத்தத்தோடு வெளியே வந்து விழும். ஒருநாள் அப்படி விழுந்தவற்றைக் குறித்து வைத்தேன்: 'அதிர்ச்சியடைந்த', 'ஒளிந்துகொண்டிருந்தது', 'ஏனென்றால்'.

முதல் இரண்டும் நீளம், சரி. 'ஏனென்றால்' ஏன்? ஐந்தே எழுத்து. ஆனால் வீட்டில் யார் 'ஏனென்றால்' என்று பேசுகிறார்கள்? 'ஏன்னா'தான். அவள் காதில் அதிகம் விழாத சொல், கண்ணில் பட்டதும் வாய்க்கு வந்துவிடுகிறது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

நான் செய்த தவறு

இரண்டாவது வாரத்தில் தங்கையின் அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு படிக்கச் சொன்னேன். வகுப்பில் நானே எத்தனையோ பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறேன், ஒருமுறைகூட யோசித்ததில்லை. உதடு அடங்கியது. பக்கம் வேகமாகப் புரண்டது. வாய்விட்டுப் படிக்க ஒன்றரை நிமிடம் ஆகும் பக்கத்தை 25 விநாடிக்குள் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். தங்கைக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள்தான் கதையைக் கேட்டேன்.

"என்ன நடந்துச்சு?"

"ஒரு நரி வந்துச்சு."

"அப்புறம்?"

"போச்சு."

அந்தப் பக்கத்தில் நரியின் படம் இருந்தது. ஆனால் கதையில் நரி எங்கேயும் போகவில்லை, குழிக்குள் விழுந்து கிடந்தது. அதே அளவு கடினமுள்ள ஆறு சின்னக் கதைகளை எடுத்துக்கொண்டேன். இரண்டை வாய்விட்டுப் படிக்கட்டும், இரண்டை அவள் இஷ்டப்படி முணுமுணுக்கட்டும், இரண்டை உதட்டில் விரல் வைத்துப் படிக்கட்டும் என்று விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்வி. வாய்விட்டுப் படித்தவற்றில் நான்கு நான்கு சரி. முணுமுணுத்தவற்றில் ஒன்றில் நான்கு, ஒன்றில் ஐந்து. விரல் வைத்தவற்றில் ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் இரண்டு. அந்த இரண்டும் படத்தைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய விடைகள். ஆறு கதையை வைத்துக்கொண்டு இதைக் கணக்கு என்று சொல்ல எனக்கே கூச்சம்தான். ஆனால் அன்றைக்கு அவளிடம் கேட்டதும் அவள் சொன்னதும் எந்தக் கணக்கையும்விடத் தெளிவாக இருந்தது.

"விரல் வெச்சுக்கிட்டு இருக்கறப்ப என்ன பண்றே?"

"பாக்கறேன் பெரியம்மா."

"படிக்கலையா?"

"படிச்சா உதடு ஆடுமே."

நான் அவளுக்கு மனசுக்குள் படிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. படிப்பதை நிறுத்தக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அந்தச் சத்தம் எதற்காக

விரலை எடுத்துவிட்டேன். "எப்படி வேணா படி. சத்தமா, மெதுவா, உன் இஷ்டம்" என்றேன். அம்மா திட்டுவாளோ என்று ஒரு பார்வை பார்த்தாள். தங்கையைச் சமாளிப்பது என் வேலை ஆயிற்று.

தங்கையிடம் நான் சொன்ன விளக்கம் வைகாட்ஸ்கியிடமிருந்து வந்தது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934) சின்னக் குழந்தைகள் விளையாடும்போது தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்வதைக் கவனித்தவர். அந்தப் பேச்சு வயது ஏற ஏற மறைந்து ஒழிந்துபோகிறது என்றுதான் அவருக்கு முன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் அதை வேறு மாதிரி பார்த்தார்: பேச்சு மறையவில்லை, உள்ளே போகிறது. கிசுகிசுப்பாகி, பாதிச் சொல்லாகி, சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் சிந்தனையாகிவிடுகிறது. இன்னொன்றையும் அவர் பார்த்தார். குழந்தை செய்துகொண்டிருக்கும் வேலையில் வேண்டுமென்றே ஒரு இடைஞ்சலை ஏற்படுத்தினால், தனக்குத் தானே பேசும் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். வாசிப்பிலும் இதே பாதைதான். முழுக் குரல், கிசுகிசுப்பு, உதடு, அப்புறம் வெளியே எதுவும் தெரியாத நிலை. ஆனால் இது ஏறிவிட்டால் இறங்காத படிக்கட்டு இல்லை. என் தங்கை மகள் ஒரே பக்கத்துக்குள் நான்கு நிலையிலும் இருந்தாள். கஷ்டமான சொல் வந்த இடத்தில் மறுபடி முதல் நிலைக்கு வந்தாள்.

தங்கை கேட்டாள்: "பெரியவங்க நாமல்லாம் முணுமுணுக்கறமா என்ன?"

முணுமுணுக்கிறோம். ஸ்வீடனில் எட்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் 1950களில், மௌனமாகப் படிப்பவர்களின் பேச்சுத் தசைகளில் நுண்ணிய மின்வாய்களை வைத்து அளந்து பார்த்தார். எல்லோருடைய தசையும் கொஞ்சமாவது இயங்கியது. நன்றாகப் படிப்பவர்களுக்குக் குறைவாக, கடினமான பகுதி வந்தால் அதிகமாக. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு வாடகை ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தைப் படித்துப் பார்க்கலாம். தங்கையிடம் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றைக் கொடுத்தேன். இரண்டாவது பத்தியில் உதடு ஆடியது. அவளே சிரித்துவிட்டாள்.

வகுப்பில் 'மற்ற பசங்க' மௌனமாகப் படிக்கிறார்கள் என்ற பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பிரையரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்ததுதான் மௌனமாகப் படித்ததைவிட நன்றாகப் புரிந்தது. ஆறாம் வகுப்பில் இரண்டும் சமம். ஏழாம் வகுப்பில்தான் மௌனம் முந்தியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை வாயை மூடச் சொல்வது எவ்வளவு சீக்கிரம் என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அதற்காகச் சத்தமாகவே படித்துக்கொண்டிருக்கட்டும் என்றும் விட்டுவிட முடியாது. வாய்க்கு ஒரு வேக எல்லை இருக்கிறது. பிரைஸ்பார்ட் என்ற ஆய்வாளர் ஆங்கிலத்தில் நடந்த ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2019இல் போட்ட கணக்கில், பெரியவர்கள் கதையல்லாத எழுத்தை மௌனமாக நிமிடத்துக்குச் சராசரி 238 சொல் படிக்கிறார்கள், வாய்விட்டால் 183. குழந்தைக்கும் ஒருநாள் கண் வாயை முந்தியே ஆக வேண்டும். அது எப்போது முந்தத் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று முடிவு செய்துகொண்டேன்.

அட்டை வைத்துப் பார்த்தது

வாய்விட்டுப் படிக்கும்போது கண் வாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கை பஸ்வெல் 1920இல் கண்ணசைவையும் குரலையும் சேர்த்துப் பதிவு செய்து இந்த இடைவெளியை அளந்தார். நன்றாகப் படிப்பவர்களுக்கு அது அதிகம், தடுமாறுபவர்களுக்குக் குறைவு. எனக்குக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஒரு தபால் அட்டை போதும். அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று வரியை மறைத்துவிடுவேன். மறைத்த பிறகும் எத்தனை சொல் சொல்கிறாள் என்று பார்ப்பேன். அவளுக்கு இது விளையாட்டு. ஒவ்வொரு முறையும் கத்துவாள்.

முதல் மாதம் அட்டை விழுந்ததும் குரலும் நின்றுவிடும். வாயில் இருந்த சொல்லின் மிச்சம் மட்டும் வரும். அதாவது கண்ணும் வாயும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த நிலையில் வாயைப் பிடுங்கி எடுத்தால் கண்ணும் கூடவே வந்துவிடாமல் என்ன செய்யும்?

நீளச் சொற்கள்

தமிழில் இதற்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. சொல் நீளம். 'ஒளிந்துகொண்டிருந்தது' என்பதை ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக, இடைவெளி விட்டு எழுதிவிடுவார்கள். நாம் மூச்சுவிடாமல் ஒரே சொல்லாக எழுதுகிறோம். போதாக்குறைக்கு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். 'கொ' என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஆனால் அதன் ஒலி 'க்'குக்குப் பிறகுதான் வரவேண்டும். பழகிய நமக்கு இது எழுத்தாகவே ஒட்டுமொத்தமாகத் தெரிகிறது. அவளுக்கு அவசரத்தில் 'கொ' 'கா' ஆகும், 'னெ' 'ன' ஆகும். 'ஏனென்றால்' சத்தத்தோடு வெளியே விழுந்ததில் அந்த 'னெ'க்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன். (பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே கிடையாது, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் அதை எப்படித்தான் பிரிப்பது? இவள் ஏதும் புதிதாகச் செய்துவிடவில்லை.)

ஆகவே அடுத்த இரண்டு மாதம் மௌனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. நீளச் சொற்களைப் பிடித்துக்கொண்டோம். விரல் நுனியால் சொல்லின் பின்பாதியை மூடி, முன்பாதியை மட்டும் பார்ப்பது. 'மரத்தி' வந்ததும் மரத்தில் ஏதோ என்று தெரிந்துவிடும். 'லிருந்து' எத்தனையோ சொல்லில் வந்த பழைய வால். 'கொண்டிருந்தது', 'போயிருந்தார்கள்', 'விட்டாள்' என்று வால்களை மட்டும் தனியாக எழுதி விளையாடினோம். ஒரு வாலைப் பத்து இடத்தில் பார்த்துவிட்டால் பதினோராவது இடத்தில் அதை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தேவையில்லை, பார்த்தாலே போதும். சின்னக் கதை ஒன்றையே மூன்று நாள் திரும்பத் திரும்பப் படிப்பதும் உண்டு. முதல் நாள் நான் படிக்க அவள் கேட்பாள், மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து, மூன்றாம் நாள் அவள் மட்டும். வழிகாட்டலோடு வாய்விட்டுத் திரும்பப் படிக்கும் பயிற்சி சரளத்துக்கு உதவுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் தந்த அறிக்கையில் இருக்கிறது. புத்தகத்தைக் கையில் கொடுத்து 'பேசாமல் படி' என்று விட்டுவிடுவதற்கு அப்படி ஆதாரம் போதவில்லை என்றும் அதே அறிக்கை சொன்னது.

மூன்றாம் மாத முடிவில் அட்டை விழுந்த பிறகு ஒரு முழுச் சொல் வந்தது. சில நேரம் இரண்டு. ஒருமுறை, அட்டைக்கு அடியில் இருந்த சொல்லைச் சொல்லாமல் அதே பொருள் தரும் வேறு சொல்லைச் சொன்னாள். புத்தகத்தில் 'கூச்சலிட்டது', இவள் சொன்னது 'கத்துச்சு'. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்.

சீட்டு விளையாட்டு

மனசுக்குள் படிப்பதில் பெரிய தொல்லை, அது நடக்கிறதா இல்லையா என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்வி கேட்டால் பிள்ளைக்கு அது பரீட்சை. அதற்குத்தான் இந்தச் சீட்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு வேலையை எழுதி மடித்துக் கொடுப்பேன். யாரும் எதுவும் பேசக் கூடாது. படித்து முடித்ததும் அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். 'எழுந்து போய்க் கதவைச் சாத்து' என்பது முதல் சீட்டு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வம்பு பண்ணினேன்: 'கதவைச் சாத்துவதற்கு முன்னால் இரண்டு முறை கை தட்டு.' 'முன்னால்' என்ற சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போனவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் கை தட்டுவார்கள். 'நாற்காலியைத் தவிர வேறு எதையாவது தொடு' என்ற சீட்டில் பெரியவர்களே விழுந்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனும் சில நாள் கூட வந்து உட்காருவான். அவனும் இரண்டாம் வகுப்புதான். உதடு ஆடாமல், தலை அசையாமல் சிலை மாதிரி படிப்பான். தங்கை இவளிடம் அவனைத்தான் காட்டிக் காட்டிப் பேசுவாள். நாலாவது சீட்டு அவன் கைக்குப் போனது. விரித்துப் பார்த்தான். கண் வரியில் இடமிருந்து வலமாக ஓடியது. மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். என்ன செய்யணும் என்றேன். தெரியலை என்றான். சத்தமாகப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது, அவனுக்கு இன்னும் எழுத்துக்கூட்டவே வரவில்லை. மௌனம் அவனுக்கு நல்ல மறைவிடமாக இருந்திருக்கிறது. அவன் அம்மாவிடம் தனியாகப் பேசினேன். அது வேறு கதை. ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் எனக்குக் கவலை தருகிறவர்கள் முணுமுணுக்கும் பிள்ளைகள் இல்லை.

நாலாம் மாதம் பின்னால் போனது

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது யாரோ அவளுக்குப் பரிசாக ஒரு புத்தகம் கொடுத்தார்கள். எழுத்து பொடி, படம் பத்துப் பக்கத்துக்கு ஒன்று, பேச்சு முழுக்க அரசர் காலத்து நடை. எடுத்ததும் முழுக் குரலுக்குத் திரும்பிவிட்டாள். தங்கை போனில் அழாத குறை: "அக்கா, பழைய மாதிரி ஆயிட்டா."

பழைய மாதிரி ஆகவில்லை. அதே மாலையில் பழகிய கதை வரிசையில் இருந்து ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் உதடு லேசாக அசைந்ததோடு சரி. வயது மாறவில்லை, திறமை மாறவில்லை, புத்தகம்தான் மாறியிருந்தது. அதனால் ஒரு குழந்தை மௌனமாகப் படிக்குமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருள் இல்லை. எந்தப் புத்தகத்தை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இதற்கப்புறம் முணுமுணுப்பை நான் ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொண்டேன். பக்கம் முழுக்கச் சத்தமாக வந்தால் புத்தகம் தனியாகப் படிக்கக் கடினம், சேர்ந்து படிப்போம். அங்கங்கே சொல் வெளியே விழுந்தால் சரியான அளவு, கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

'ஏன்னா'

ஐந்தாம் மாதக் குறிப்பு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாய்விட்டுப் படித்த கதைகளுக்கு ஐந்துக்கு நான்கு சரியாகச் சொன்னாள் என்று எழுதினேன். பதிவுகளைத் திரும்பக் கேட்டபோது அந்த நான்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் சொன்ன விடைகள் புத்தக நடையிலேயே இருந்தன. "அணில் மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது பருந்து வந்தது" என்று அச்சில் உள்ளபடியே சொல்லியிருந்தாள். காதில் விழுந்த தன் குரலையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். பாதி புரிந்தது, பாதி எதிரொலி. வாய்விட்டுச் சொன்னது நினைவில் நன்றாக நிற்கும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்தான். நினைவில் நிற்பதும் புரிவதும் ஒன்றில்லை. சத்தமாகப் படிக்கும்போது புரிகிறது என்று நான் அவ்வளவு உறுதியாக நம்பியிருக்கக் கூடாது.

ஐந்தாம் மாதம் அதே கதையை மனசுக்குள் படித்துவிட்டுச் சொன்னாள்: "அணிலு கீழ எறங்கிட்டிருந்துச்சா, அப்ப பருந்து வந்துடுச்சு. அது பாக்கவே இல்ல, ஏன்னா அது வாயில பெரிய கொட்டை." எழுத்து நடையில் உள்ளே போனது பேச்சு நடையில் வெளியே வந்திருக்கிறது. நடுவில் அவள் அதைத் தன்னுடையதாக மாற்றியிருந்தால் மட்டுமே இப்படி வரும். தமிழ்க் குழந்தைகள் படிக்கும் மொழியும் பேசும் மொழியும் இவ்வளவு தள்ளி இருப்பது அவர்களுக்குச் சுமைதான். ஆனால் நமக்கு அதில் ஒரு வசதியும் இருக்கிறது: கதையைத் திருப்பிச் சொல்லும்போது 'இருந்தது' 'இருந்துச்சு' ஆகிறதா என்று பார்த்தால் போதும்.

அதே வாரம் இன்னொன்று. படித்துக்கொண்டிருந்தபோது உதட்டிலிருந்து ஒரு சொல் வெளியே விழுந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அச்சில் இருந்தது 'ஏனென்றால்'. அவள் வாயில் வந்தது 'ஏன்னா'. தங்கை பக்கத்தில் இருந்தாள். "ஒழுங்கா இருக்கறதப் படிடீ" என்று அதட்டினாள். நான் தங்கையை அதட்டினேன். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது இது தவறு, ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் படிக்கும்போது கண் சொல்லைக் கடந்து பொருளுக்குப் போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஐந்து மாதம் முன்பு இதே சொல்லுக்குத்தான் முழுக் குரல் தேவைப்பட்டது.

கடைசி மாதம்

ஆறாம் மாதத்தில் சொல்ல அதிகம் இல்லை. விடுமுறை, காய்ச்சல், நாலைந்து சந்திப்புகளே நடந்தன. ஏழாம் மாதம் பழையபடி சோதித்துப் பார்த்தேன். இம்முறை நான்கு கதை, எப்படிப் படிக்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. மூன்றைச் சத்தமே இல்லாமல் படித்தாள், அதில் ஒன்றில் உதடு இரண்டு மூன்று இடத்தில் அசைந்தது. நாலாவது கொஞ்சம் கடினம், கிசுகிசுத்தாள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போல ஆயிற்று. அதாவது வாய்விட்டுப் படித்ததைவிட வேகம், அந்த 25 விநாடியைவிட நல்ல நிதானம். கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் தப்பு. அதுவும் கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை என்று வாதாடினாள். அட்டை விழுந்தால் இரண்டு சொல் நிச்சயம்.

கணக்குப் பாடத்தில் வரும் வாக்கியங்களை இன்னும் முணுமுணுத்துத்தான் படிக்கிறாள். 'மீதி எத்தனை' என்ற இடம் வந்தால் முழுக் குரல். அதைத் தொடவில்லை, தொடுவதாகவும் இல்லை.

தங்கைக்கு இப்போது வேறு புகார். முன்பெல்லாம் சமையலறையில் இருந்தபடியே மகள் எந்தக் கதையில், எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். தப்பாகப் படித்தால் அங்கிருந்தே திருத்துவாள். "இப்ப என்ன படிக்கறான்னே தெரியல அக்கா. கேட்டா சொல்லவும் மாட்டேங்கறா."

கடைசியாக உட்கார்ந்த மாலையில் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் சத்தமே இல்லை. திடீரென்று கிளுக்கென்று ஒரு சிரிப்பு.

"என்னடீ?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழே அதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.